எதுவரை என்று ஒரு கட்டம்

நவம்பர் 3, திங்கள்

காற்றுத் தொட்டியில் மறுபடியும் நுரை. பழுப்பாக, தடியாக, காக்கை இறங்கி நடந்தாலும் மூழ்காது போலிருக்கிறது. காலையில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சீப்பில் சிக்கிய முடி மாதிரி நூல் பாக்டீரியா. அவர்களும் வேண்டியவர்கள்தான்; சேற்றுத் துகளுக்கு எலும்பே அவர்கள்தான். ஆனால் அளவு மீறினால் இப்படி மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

பதினேழு வருடமாக இந்தக் கழிவுநீர் நிலைய லேபில் இருக்கிறேன். ஊர்த் தண்ணீரைச் சுத்தம் செய்வது என்னவோ நான்தான் என்று அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள். வேலை அத்தனையும் இந்த பாக்டீரியாக்களுடையது. நான் எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கிறவள்.

நவம்பர் 5, புதன்

நுரைக்கு ஒரே வழி, பழைய சேற்றைக் கூடுதலாக வெளியேற்றுவது. காற்று ஊதும் ப்ளோயர் அறை போர்டில் 'சேறு பம்ப்: தினம் 4 மணி நேரம்' என்பதை அழித்துவிட்டு 8 என்று எழுதினேன். இரண்டு நாள் போதும். நாளையிலிருந்து லீவு, தங்கைக்குப் பிரசவம். வெள்ளிக்கிழமை போன் செய்து மறுபடி 4 ஆக்கச் சொல்ல வேண்டும்.

போர்டில் இருப்பதுதான் செல்லும், யாரும் சுயமாக மாற்றக் கூடாது. ஒரு தடவை இரண்டு ஷிஃப்ட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று செய்து தொட்டி வழிந்த பிறகு நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். கெட்டிக்காரி!

நவம்பர் 8, சனி

பெண் குழந்தை. இருவரும் நலம். என் விரலை விடவே மாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 14, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் போனபோது நுரை இல்லை. வெளியேறும் தண்ணீர் கண்ணாடி மாதிரி. மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. அம்மோனியா பார்த்தேன்: 22. எப்போதும் 2 தாண்டாது. கருவிதான் மக்கர் செய்கிறது என்று மறுபடி பார்த்தேன். 23.

போர்டுக்கு ஓடினேன். 8. என் கையெழுத்து. ஒன்பது நாள்.

அம்மோனியாவைத் தின்பவர்கள் இரண்டு கூட்டம். புத்தகத்தில் நீளமான பெயர்கள் உண்டு. எனக்கு அவர்கள் ஓரகத்திகள். மூத்தவள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி வைப்பாள், இளையவள் அதை நைட்ரேட்டாக்கி முடிப்பாள். மற்ற பாக்டீரியாக்கள் அரை மணிக்கொரு தரம் பெருகும்போது, இவர்களுக்கு நாள் கணக்கில் ஆகும். குளிர் வந்தால் இன்னும் மெதுவு. அவர்கள் ஒன்று இரண்டாகும் முன்பே நான் வாரி வெளியே கொட்டியிருக்கிறேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. அதை ஏரியில் குடிக்கும் மீனுக்கு அது விஷம்.

மேனேஜர் பம்ப் ஆபரேட்டரைக் கூப்பிட்டார். நேரம் தவறாத மனிதர், 'கடிகாரம்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். "ஒன்பது நாளா எட்டு மணி நேரம் ஓட்டியிருக்கீங்க, யோசிக்க மாட்டீங்களா? திங்கக்கிழமையிலிருந்து உங்க இடத்துக்கு வேற ஆள்."

"போர்டுல இருந்துச்சு சார்," என்றார். அவ்வளவுதான். யார் எழுதியது என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நான்? கையில் குடுவையோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 15, சனி

"சோத்தை ஏன் இப்படி அளைஞ்சுக்கிட்டு இருக்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கொட்டிவிட்டேன் எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் உனக்கு போன் பண்ணலையா?" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். பத்தாம் தேதி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் குழந்தையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருப்பேன். ஐயோ, என்ன பொம்பளை நான்? எப்படி அந்த ஆள் முகத்துல முழிப்பேன்?

நவம்பர் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். உட்காரக்கூட இல்லை, மேனேஜர் அறை வாசலில் நின்றபடியே சொன்னேன். "எட்டுன்னு எழுதினது நான். மாத்த மறந்ததும் நான். அவரு என் சட்டத்தைத்தான் மதிச்சாரு."

மேனேஜர் பேனாவைத் திருகி மூடினார். "டிசம்பர் ஒண்ணாம் தேதி ஆய்வுக் குழு வருது. அம்மோனியா அஞ்சுக்குக் கீழ வரலைன்னா உங்களை இந்த லேப்ல வெச்சுக்க முடியாது." நியாயம்தான். கடிகாரத்தின் வேலைக்கு இனி பங்கமில்லை.

வெளியே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம். போர்டுல எவ்ளோ நேரம்னு இருக்கு, எதுவரைக்கும்னு கட்டமே இல்ல. அதான் கோளாறு," என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பம்பை நிறுத்தியாயிற்று. காற்றைக் கூட்டியாயிற்று. தண்ணீர் புளித்துவிடாமலிருக்கச் சோடா உப்பும் போட்டாயிற்று. ஆனால் இந்தக் குளிரில் தானாகத் தேற ஒன்றரை மாதமாவது ஆகும். இருப்பது பதின்மூன்று நாள். வேறு தொட்டியிலிருந்து உயிருள்ள சேறு வேண்டும்.

பக்கத்து ஊர் நிலையத்தில்தான் இருக்கிறது. அங்கே லேப் பொறுப்பில் இருக்கும் அம்மாவிடம், மூன்று வருடம் முன்பு ஒரு கூட்டத்தில், "உங்க சேறு ஊசிப்போன வாடை அடிக்குது" என்று எல்லோர் முன்பும் சொன்னேன். இந்த வாய்!

தண்ணீர் குடித்துவிட்டு போன் செய்தேன். "ஓ, எங்க ஊசிப்போன சேறு இப்ப தேவைப்படுதா?" என்றார். காது சுட்டது. அப்புறம் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "எத்தனை டேங்கர்?"

இரண்டு என்றேன்.

"நாலு அனுப்பறேன். இடம் மாறினா அதுங்கள்ல பாதி வேலை செய்யாம முகத்தைத் திருப்பிக்கும். மூணு மணி நேரத்துக்குள்ள தொட்டியில விட்டுடுங்க, வழியில அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

நவம்பர் 19, புதன்

நான்கு டேங்கர்களும் வந்தன. கடிகாரத்துக்கு இன்று வார விடுமுறை. ஏழு மணிக்கே குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சேறு இறங்கியபோது குனிந்து முகர்ந்து பார்த்தேன். புது மழையில் நனைந்த மண் வாசனை. அன்று என்ன மூக்கை வைத்துக்கொண்டு அப்படிப் பேசினேனோ. கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 21, வெள்ளி

19. ஏரி மதகில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று கடிகாரம் பார்த்துவிட்டு வந்து சொன்னார். இன்னும் எதுவும் சாகவில்லை.

நவம்பர் 24, திங்கள்

அம்மோனியா 13! நைட்ரைட் ஏறியிருக்கிறது. மேனேஜர் பதறிப்போய், "இது வேறயா?" என்றார். எனக்கோ குதிக்கலாம் போலிருந்தது. மூத்தவள் வேலைக்கு வந்துவிட்டாள் சார், இளையவள் இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நவம்பர் 27, வியாழன்

7. இளையவளும் வந்தாயிற்று. காற்றில்லாத் தொட்டியில் குமிழ்கள். அங்கே இருக்கும் கூட்டம் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவி மூச்சு விட்டுக்கொண்டு, நைட்ரஜனை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். யாரும் கும்பிடாத வேலை. நான் கும்பிட்டேன், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு.

டிசம்பர் 1, திங்கள்

3.1.

பதிவேட்டில் எண் ஏறி இறங்கியதை ஆய்வுக் குழு கேட்டது. மறைக்காமல் சொன்னேன். எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. லேப் சாவி என்னிடமே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாவுக்கு போன் செய்து நன்றி சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. "சரி சரி, நல்லா இருக்காங்களா என் புள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

போர்டில் புதுக் கட்டம் போட்டோம்: 'எதுவரை'. கடிகாரம் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார், நான் கோடு இழுத்தேன். கோணல்தான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் அந்த அம்மாவின் போன். எங்கிருந்தோ அமிலம் கலந்து வந்து அவர்கள் தொட்டியே செத்துவிட்டதாம். எப்போதும் கணீரென்று ஒலிக்கும் குரல் இன்று உள்ளே போயிருந்தது. "கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு..." என்று இழுத்தார். முடிக்க விடவில்லை. முதல் டேங்கர் பத்து மணிக்குக் கிளம்பும் என்றேன்.

ப்ளோயர் அறையில் கடிகாரம் சாக்பீஸோடு தயாராக நின்றார். 'பக்கத்து நிலையத்துக்குச் சேறு: தினம் இரண்டு டேங்கர்' என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"எதுவரைக்கும்னு போட மேடம்?"

"அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

கட்டம் சின்னது. நெருக்கி நெருக்கி, அப்படியே எழுதினார்.