எனக்கு வந்த ஆலாத்தி

1996 நவம்பர் 7, வியாழன்

காலையிலிருந்து ஈரப்பனி. சப்பாத்துக்குள் தண்ணீர். வேலைக்கு லீவு. இவரோடு கிளினிக்.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. என்னில் குறை ஒன்றும் இல்லை. இவரில் உயிரணு இல்லை, திரும்பவும் பார்த்தார்களாம், இல்லை. சின்ன வயதில் கூகைக்கட்டு, கன்னம் வீங்குகிற வருத்தம், வந்ததா என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். வந்ததாம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலம்.

வேறொரு ஆணின் விந்தை ஊசியால் ஏற்றலாமாம். பெயர் ஊர் சொல்ல மாட்டார்களாம். இந்திய ஆள் ஒருவர் இருக்கிறாராம். இவருக்குத் தமிழில் சொன்னேன். இவர் கனநேரம் யோசித்தார்.

"என்ன ஆக்கள் எண்டு கேள்."

"விளங்கேல்லை."

"என்ன சாதி எண்டு கேளன்."

டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கார் பார்க்கிங்குக்கு இங்கே முத்திரை குத்தித் தருவீர்களா என்று இவர் கேட்கிறார் என்றேன். ஓமாம், வெளியில் மேசையில் குத்துவார்களாம். இவரிடம், "அது சொல்ல மாட்டினமாம்."

"அப்ப வேண்டாம்."

எட்டு வருசமாக விரதமெல்லாம் நான். மருந்தெல்லாம் நான். மலடி என்ற பெயரும் நான். காரில் ஒரே ஒரு பேச்சு: "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை." தலையாட்டினேன்.

எனக்குப் பிள்ளை வேண்டும். என்ன சாதி ஊசியென்றாலும் வேண்டும்.

வாங்க: பால், தேசிக்காய், மாமிக்குக் காலுக்குப் பூசுகிற எண்ணெய்.

9, சனி

வெயில், ஆனால் குளிர். இவருடைய தங்கச்சி மாலா வந்தாள். மகள் நிஷாவின் சாமத்தியவீடு 24ஆம் திகதி. மண்டபம், வீடியோ, மூன்று தட்டுக் கேக், எல்லாம் சொல்லியாச்சு. பிள்ளை மூலையில் இருந்து சிப்ஸ் சாப்பிட்டாள். "This is so embarrassing," என்றாள். சரியாகச் சொன்னாள்.

பெரியபிள்ளையானவளுக்குத் தாய்மாமன் பெண்சாதிதான் முதல் ஆலாத்தி எடுப்பது. வாழைப்பழத் துண்டில் திரி கொளுத்தி, தட்டை மூன்று தரம் சுற்ற வேண்டும். பெரிய வித்தை இல்லை. முறைப்படி அந்த மாமி நான். மாலா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

"குறை நினையாதேங்கோ மச்சாள். உங்களுக்குத்தான் முறை. ஆனா பக்கத்து வீட்டு அன்ரி நாலு பெத்தவ, ராசியான கையெண்டு அம்மா சொல்லுறா. நீங்கள் சாப்பாட்டுப் பக்கத்தைப் பாருங்கோவன்."

இவருடைய அம்மா, என் மாமி, உள்ளே ரீவி பார்த்துக்கொண்டு இருந்தா. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தா.

பின்னேரம் கொழும்பிலிருந்து அம்மாவின் போன். எந்தக் கொண்டாட்டமென்றாலும் அவவின் முதல் கேள்வி இதுதான்: "ஆலாத்திக்குக் கூப்பிட்டவையோ?" ஓம் என்றேன். பொய். அம்மா போனில் அழுதா, சந்தோசத்தில்.

12, செவ்வாய்

கந்தசட்டி இரண்டாம் நாள். பாலும் பழமும். தலை சுற்று. மாமி சொல்லி நான் பிடிக்கும் விரதம், அவவின் மகனின் குறைக்கு.

வேலை: வயோதிபர் இல்லத்து லோண்டரி. பெட்ஷீற் மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்குச் சோடி சியோமா. நைஜீரியாக்காரி, ஒனிச்சாப் பக்கம். பெரிய குரல், பெரிய கை. இரண்டு பேரும் நுனியைப் பிடித்துக்கொண்டு கிட்ட வருவோம், விலகுவோம். அப்போது கதை.

இன்றைக்குச் சொன்னாள். அவள் ஊரில் ஒருத்திக்குப் பிள்ளை இல்லை. குறை புருசனில். வெளியே தெரிந்தால் வெட்கம். மாமியார் இரவில் புருசனின் தம்பியை அனுப்பினாள். பிறந்த பிள்ளை புருசனின் பிள்ளைதானாம், அவன்தானே சீர் கொடுத்துக் கட்டியவன். எல்லாரும் அப்படி இல்லை, அந்த வீட்டில் அப்படி என்றாள்.

நான் "சீ" என்றேன். முகத்தைச் சுளித்தும் காட்டினேன். அவள் ஷீற்றின் நுனியை நேராக்கினாள்.

இரவு பரிமாறும்போது இதைப் பகிடியாகச் சொன்னேன். வயிறு காய்ந்தால் எனக்கு வாய் கூடும். மாமி, "காட்டுச் சனம்," என்று விழுந்து விழுந்து சிரித்தா. பேஸ்மென்றில் இருக்கும் ரூபனும் சிரித்தான். இவருடைய தம்பி, நல்ல பெடியன், சோறு போட்டால் "காணும் அண்ணி, போதும்" என்பான், போட்டால் சாப்பிடுவான். இவர் மட்டும் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

18, திங்கள்

பனி கொட்டுது. டோனற் கடை வாசலில் இவர் காரை நிற்பாட்டினார். வீட்டில் கதைக்க ஏலாத கதை என்றால் இங்கேதான். கோப்பி வாங்கித் தந்தார். அதிலேயே எனக்குப் பயம் பிடித்தது.

"உன்ர அந்த ஆபிரிக்கன் சிநேகிதி சொன்ன கதை... யோசிச்சுப் பாத்தா பிழையில்லைத்தானே."

"எந்தக் கதை?"

"ரூபன் எங்கட ரத்தம். வெளியாலை ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. ஊசியெண்டா எவன்ர எண்டு ஆருக்குத் தெரியும்?"

கோப்பி மூடியைத் திறந்தேன், மூடினேன்.

"அம்மாவோட கதைச்சிட்டன். சாமத்தியவீடு முடியட்டும். பிறகு நான் நைற் ஷிஃப்ற் கேட்டிருக்கிறன். அம்மா மாலா வீட்டை போய் நிப்பா."

ஷிஃப்ற் வரைக்கும் கேட்டாச்சு. என்னைத்தான் கடைசியாகக் கேட்கிறார். கேட்கவும் இல்லை, சொல்கிறார்.

வந்தது கோபமில்லை. அருவருப்பு. இவரில் பாதி, என்னில் பாதி. அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்க வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவள் நான்தானே.

19, செவ்வாய்

மாமி குசினியில் மீன் வெட்டினா. தலை நிமிரவில்லை.

"அவனுக்குக் கூகைக்கட்டு வந்து கீழயும் வீங்கினது. மருந்து தந்த பரியாரியார் அப்பவே சொன்னவர், பிள்ளை பிறக்கிறது சந்தேகம்தான் எண்டு."

"தெரிஞ்சுகொண்டே மாமி என்னை..."

"பின்னை? ஆம்பிளைப் பிள்ளையை ஊர் சிரிக்க விடுறதோ? நீ வந்தவள். தாங்குவாய்." செதிளைக் கழுவி ஊற்றினா. "ஆலாத்தி நீதான் எடுக்கிறாய். மாலாவிட்டைச் சொல்லிப்போட்டன். நல்ல சேலையா உடு."

எட்டு வருசம் கிடைக்காதது ஒரு வரியில் கிடைத்தது. முற்பணம்.

பின்னேரம் ரூபன் மேலே வந்தான். முடி வெட்டியிருந்தான். கடையில் வேலை முடிந்து வருகிறவன், சென்ற் மணம். சோறு போட்டேன். "காணும்" என்றான். அண்ணி என்று சொல்லவில்லை.

அந்தப் பெடியனில் கடைசிவரை நம்பிக்கை வைத்திருந்தேன். பேஸ்மென்ற் கதவுக்கு முன்னால் கதிரை வைத்தேன், பிறகு எடுத்தேன். இங்கே யாருக்கு எதைப் பூட்டுகிறேன்?

21, வியாழன்

பஸ் இல்லை, பாதி தூரம் நடை. லோண்டரியில் சியோமாவுக்கு எல்லாம் சொன்னேன். அவள் கதையை வீட்டில் பகிடியாக்கியதையும் சொன்னேன். மறைத்தால் அவள் முகத்தைப் பார்க்க ஏலாது.

அவள் ஷீற்றைக் கீழே விட்டாள். ஒருநாளும் விடமாட்டாள்.

"அந்தப் பெண் நான்தான்," என்றாள் இங்கிலிஷில். "நான் ஓம் சொன்னவள். மறுக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது."

மகள் இருக்கிறாளாம். புருசன் செத்ததும் தம்பிக்காரன், பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை, நீ வேண்டுமென்றால் போ என்றானாம். இவள் வந்துவிட்டாள். பிள்ளை அங்கே. போனில் பிள்ளை இவளை "அன்ரி" என்று கூப்பிடுகிறதாம்.

மன்னிப்புக் கேட்டேன். "சிரித்தாயா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். கீழே கிடந்த ஷீற்றை எடுத்து உதறினாள். பிறகு, தன் அப்பார்ட்மென்றில் சோபா இருக்கிறது, கால் நீட்டப் போதாது, ஆனால் கதவு பூட்டும் என்றாள்.

24, ஞாயிறு

சியோமா வீடு. கையெழுத்து சரியாக வரவில்லை.

மண்டபம் நிறைந்த சனம். மாம்பழ மஞ்சள் சேலை உடுத்தேன். அம்மா தந்தது. ஏன் போனேன்? ஆசைதான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்தத் தட்டை ஒருதரம் பிடிக்க ஆசை. அன்ரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரி மூன்றும் அணையவில்லை. நிஷா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். வீடியோக்காரர், "சிரியுங்கோ அக்கா," என்றார். உண்மையாகவே சிரித்தேன்.

பொட்டு வைத்து மேடையிலிருந்து இறங்கப் போனேன். மாமி முன்வரிசைப் பெண்களுக்குக் கேட்கச் சொன்னா:

"இவளுக்கு இருந்த நோய் வருத்தம் மாறீட்டுது. அடுத்த வருசம் எங்கட வீட்டிலதான் கொண்டாட்டம்."

இவர் பக்கத்தில் பட்டு வேட்டியோடு. தலையை ஆட்டினார். ரூபன் பின்னால், ஜூஸ் கிளாஸோடு.

தட்டு கையில் இருந்தது.

"வருத்தம் எனக்கில்லை மாமி. உங்கட மூத்த மகனுக்கு. உங்களுக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும். அதுக்குத்தான் இப்ப என்னை இளையவனோட படுக்கச் சொல்லுறியள்."

நாதஸ்வரக் கசெற் தன்பாட்டுக்கு ஓடியது. மாமி வாயில் சேலைத் தலைப்பு. இவர் தரையைப் பார்த்தார். ரூபன் இல்லை, கிளாஸ் மட்டும் கதிரையில்.

ஒருவராவது எழும்புவார் என்று பார்த்தேன். அன்ரிதான் எழும்பினா. நாலு பெத்த கை என் தட்டைப் பிடுங்கியது.

"சட்டி விரதம் பிடிச்சு மூளை பிசகிப்போச்சு. பாவம், அந்த மனுசன்."

அதோடு எல்லாருக்கும் வாய் வந்தது. பாவம், பிள்ளையில்லாத ஏக்கம். பாவம், எரிச்சல். ஏக்கமும் எரிச்சலும் எனக்காம், பாவம் மட்டும் இவருக்கு. மாலா மட்டும் அழுதாள், கேக் வெட்டவில்லை என்று.

வெளியே பனி. சேலைக்கு மேலே குளிர் ஜக்கெற். பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அழகான உடுப்பு என்றாள்.

26, செவ்வாய்

கால் விறைப்பு, சோபா சின்னன்தான். வேலைக்குப் போனேன். மடிப்பு வேலை ஒழுங்கு.

மத்தியானம் ஒஃபிஸ் போனுக்கு இவர். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. எங்கே நிற்கிறாய் என்றும் கேட்கவில்லை. குரலில் ஒரு நிம்மதி.

"வீடியோக்காரனோட கதைச்சாச்சு. நீ கத்தின துண்டை வெட்டிப்போட்டு, அதுக்கு மேல பாட்டுப் போடுவானாம். ஆலாத்தி எடுக்கிறது நல்லா வந்திருக்காம். சிரிச்சுக்கொண்டு நிக்கிறியாம்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"லண்டனுக்கும் ஜேர்மனிக்கும் கொப்பி போகுது. கொழும்புக்கு உன்ர அம்மாவுக்கும் ஒண்டு அனுப்பச் சொல்லியாச்சு."