அம்மாவின் ஏழாவது பிள்ளை

ஏழாலை
22.07.2025

அன்புள்ள தம்பி தவநேசனுக்கு,

நீ சுகமாகக் கனடா போய்ச் சேர்ந்ததாக அறிந்தேன். இங்கே நான் சுகமென்று எழுதினால் அது பொய். பத்து நாளாகக் கோபத்தோடு எழும்பி, கோபத்தோடு படுக்கிறேன். போனில் கதைத்தால் நீ இடையில் குறுக்கிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட விழாவுக்கு உன்னைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். முதலாம் வகுப்பில் இம்முறை நான்கே பிள்ளைகள் என்று அதிபர் வருத்தப்பட்டார். நீ ஒலிவாங்கியைப் பிடித்து, அங்கேயே படிப்பிக்கிற, முன்வரிசையில் இருந்த என் மகள் ஜெயனியைக் காட்டி, "படிப்பிக்கிற ரீச்சரே ஒண்டோடை நிப்பாட்டிப்போட்டா. பிறகு வகுப்பு எப்பிடி நிறையும்? எங்கடை அம்மா ஏழு பெத்தவ!" என்றாய். சனம் சிரித்தது. அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் சிரித்தார்கள். ஜெயனி தன் மகனின் கையைப் பிடித்தபடி விழா முடியும்வரை அசையாமல் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அம்மா, ஏழு பெத்த அம்மம்மா எப்பிடிச் செத்தவ?"

காய்ச்சல் என்றுதான் உனக்கும் அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. அப்போது உனக்கு மூன்று வயது, எனக்குப் பதினான்கு. ஆறாவதாக நீ பிறந்தபோதே இனி வேண்டாமென்று டொக்டர் எச்சரித்திருந்தார். எங்களைப் பெற்ற ஐயா கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகள் கைக்குழந்தையிலேயே போய்விட்டன, புகையிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார். ஏழாவது வயிற்றில் இருந்தபோது ஒருநாள் கிணற்றடியில் அம்மா என் கையைப் பிடித்து, "எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை" என்றார். பதினான்கு வயதுப் பிள்ளையிடம்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. பிள்ளை பிறந்தபின் இரத்தம் நிற்கவில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கார் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் மறுநாள் போனது. அந்தப் பாயை நான்தான் கழுவினேன். அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. உன்னை வளர்த்தேன்.

பெண்கள் படித்ததால்தான் பிள்ளை குறைந்தது என்றும் பேசினாய். ஓம், அதனால்தான். அம்மாவின் கதி வரக்கூடாதென்றே ஜெயனியைப் படிக்க வைத்தேன். அவள் முப்பத்துமூன்று வயதில் கல்யாணம் கட்டினாள். புருஷனுக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பள்ளிக்கூடம், சமையல், மகனின் படிப்பு எல்லாவற்றையும் தனியே பார்க்கிறாள். என் முழங்கால் இருக்கும் நிலைக்கு இன்னொரு குழந்தையை என்னால் தூக்கித் திரிய முடியாது. இருவரும் இருந்து யோசித்து ஒன்று போதும் என்றார்கள். அதில் உனக்கென்ன? அந்த வகுப்பை நிறைத்திருக்க வேண்டிய பிள்ளைகளில் பாதிப்பேர் உன் கனடாவிலல்லவா பிறந்திருக்கிறார்கள்? மிச்சம் பிறக்கவேயில்லை, பெறவேண்டியவர்களைச் சண்டை கொண்டுபோய்விட்டது.

எல்லாவற்றையும் ஜெயனிக்குச் சொன்னேன். நெடுநேரம் அழுதாள். இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை.

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவளிடம் கேள். பிறகு அதிபருக்கு ஒரு கடிதம் எழுது. அம்மா எப்படிச் செத்தார் என்று உன் கையாலேயே எழுது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை வாசிக்கட்டும். ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால்தான் திருத்த வேண்டும்.

உன் மகள் தாரிகா பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்திருப்பதை உன் மனைவி எனக்கு எப்போதோ சொல்லிவிட்டாள். நீ அதை மேடையில் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லமாட்டேன். தாரிகாவை ஒரு சொல் சொல்லாதே. பெற்றாலும் பெறாவிட்டாலும், என் குஞ்சு நெடுங்காலம் உயிரோடு இருக்கட்டும்.

உன்னை வளர்த்த அக்கா,
குணலட்சுமி