நூல் கடித்த பல்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்த முறை மருந்துக்கடைக்காரர் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன்! நூலகத்து மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் பிடித்தது. சிரிக்காதே. சிரித்தாலும் சரி.

நீயும் மாப்பிள்ளையும் நலமா? அங்கே குளிர் என்று அம்மா சொன்னாள். மாப்பிள்ளையின் தோள் அளவை அனுப்பு, கோட்டு தைக்கிறேன்.

இங்கே பெரிய செய்தி: என் முன்பல் இரண்டுக்கும் பீங்கான் உறை போட்டாகிவிட்டது. நிறம் பார்க்க, டாக்டரம்மா மாதிரிப் பற்கள் வரிசையாக இருந்த பட்டையை என் வாயருகே பிடித்தார். நம் கடைப் பித்தான் அட்டையேதான். இருப்பதிலேயே வெள்ளையை நான் காட்டினேன். "பழைய சட்டையில புதுப் பித்தான் மாதிரி தனியாத் தெரியும், பெரியவரே" என்றார். என் தொழிலை எனக்கே சொல்லிக்கொடுக்கிறார்! லேசான பழுப்புக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் தற்காலிக உறை ஒட்டினார். மறுநாளே பழக்கதோஷத்தில் நூலைப் பல்லால் கடித்தேன். உறை கழன்று, தைத்துக்கொண்டிருந்த சட்டைப்பைக்குள் விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். "கடையில கத்தரிக்கோல் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "துணி வெட்ட" என்றேன். இப்போது அம்மா ஒரு சின்னக் கத்தரியை நாடாவில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறாள்.

இனி, இன்னொருவர் கையால் எழுதவைக்க முடியாததை எழுதுகிறேன். போனில் நாம் "சாப்டியா, சாப்டேன்" தாண்டுவதில்லை.

உன் கல்யாண உடுப்பின் கடைசித் தையலை அன்று காலையில்தான் முடித்தேன். நூலைக் கடித்தபோது, தேய்ந்திருந்த பல் இரண்டும் பாதியாக உடைந்தன. வெட்கத்தில் நாள் முழுக்கக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். போட்டோவுக்கும் வரவில்லை. அப்பாவுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை என்று நீ அழுதாயாம். அம்மா பல்லைப் பற்றிச் சொன்னதற்கு, "சாக்குச் சொல்லாதம்மா" என்றாயாம். ஏழு மாதத்துக்கு முன்தான் அவள் என்னிடம் இதைச் சொன்னாள். மறுநாளே வகுப்பில் சேர்ந்தேன்.

சாக்கு இல்லை, கண்ணு. முதல்முறை நம் கடைக்கு வந்தபோதே, நான் கொட்டிய ஊசிகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தார் மாப்பிள்ளை. அவரை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

இருவரும் ஒரு முறை வாருங்கள். போட்டோக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நடுவில் நான் நிற்பேன், கைக்குட்டை இல்லாமல். அந்த உடுப்பையும் கொண்டுவா. பத்தாது என்று கவலைப்படாதே. நீ நன்றாக வாழ்ந்து, உடம்பு பூசி வரவேண்டும் என்றுதான் அன்றே உள்தையலில் இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைத்தேன்.

தன் கையெழுத்தில் முதன்முதலாக,
உன் அப்பா