தோழி விழுங்கிய சேதி

மார்ச் 3, செவ்வாய்

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இன்று பதினாறு பேர். பதினாறு பேரிடமும் "வலிக்காதுங்க, அஞ்சே நிமிஷம்" என்றேன். ஒருவர் வெளியே வரும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்துவிட்டுப் போனார். நான் என்ன செய்ய? உள்ளதைச் சொன்னால் பாதிப் பேர் படி இறங்கிவிடுவார்கள்.

ஆறு மணிக்கு ஓட்டமாக ஓடி மாலை வகுப்பு. பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்காக விட்ட பட்டப்படிப்பை நாற்பத்தொன்றில் முடிக்கக் கிளம்பியிருக்கிறேன். தேர்வு 28ஆம் தேதி. பாடம் ஒரு பழைய காதல் சோக நாடகம். கோட்டைத் தலைவன் மகளுக்கும், அக்கரையில் பாலம் கட்ட வந்தவனுக்கும் காதல். அப்பன் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட, தோழிதான் சேதி கொண்டுபோகிறாள். "அவள் வரட்டும், காத்திருக்கிறேன். ஆனால் அப்பனை அடியோடு மறந்துவிட்டு வரட்டும்" என்று சொல்லி அனுப்புகிறான் அவன். பின்பாதியைக் கேட்டால் இவள் மனசு உடைந்துபோகும் என்று தோழி மொத்தச் சேதியையும் விழுங்கிவிடுகிறாள். வர மாட்டாள் போல என்று அவன் நினைக்கிறான். கூப்பிடவே இல்லையே என்று இவள் நினைக்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் இரண்டு பேரும் ஆற்றோடு போகிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

டீச்சர் 'நாடக முரண்' நடத்தினார். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம் என்றார். பின்பெஞ்சில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உண்டு. தொண்டை அப்படி, வகுப்பில் அவருக்குப் பெயரே ஹாரன்தான். அவர் எழுந்து, "எல்லாத்துக்கும் இந்தத் தோழிதான் காரணம். இவளைத்தான் முதல்ல ஆத்துல தள்ளியிருக்கணும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "பாவம் சார், அவ நல்லதுக்குத்தானே செஞ்சா? யார் மனசும் நோகக் கூடாதுன்னு நெனச்சது ஒரு தப்பா?" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"இதையே தேர்வுல எழுதுங்க. ஆனா காரணத்தோட எழுதணும்" என்றார் டீச்சர்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு நாடகத்துக்கா எனக்கு இவ்வளவு கோபம்?

மார்ச் 9, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனிடமிருந்து போன். கேட்டிருந்த வேலை மாற்றம் கிடைத்துவிட்டதாம், கடல் தாண்டி. அண்ணியோடு 29ஆம் தேதி விமானம். திரும்பி வர எப்படியும் ஐந்து வருஷம் ஆகும் என்றான். அப்புறம் எப்போதும் கேட்பதைக் கேட்டான்: "அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

நானும் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: "இன்னும் கோவம் ஆறல. கொஞ்சம் பொறு அண்ணா."

மார்ச் 10, செவ்வாய்

கரும்பலகையில் மலை மாதிரி ஒரு கோடு. கதை ஏறும் பக்கம், உச்சம், இறங்கும் பக்கம். உச்சம் எது என்று டீச்சர் கேட்டார். ஆற்றில் விழுவது என்றோம். இல்லையாம், தோழி வாயை மூடிக்கொண்டு படி இறங்கும் இடமாம்.

"அதுக்கப்புறம் நிறுத்தவே முடியாதா டீச்சர்?"

"அஞ்சாம் அங்கத்தை எழுதி அச்சடிச்சாச்சேம்மா" என்று சிரித்தார்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

அண்ணன் தன் விருப்பப்படி கல்யாணம் செய்து ஆறு வருஷம். வீட்டுப் படி ஏறாதே என்றார் அப்பா. அம்மா போன பிறகு அவர் எங்கள் வீட்டில்தான். மூன்று வருஷம் முன்பு, அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே, "அவனை வரச் சொல்லு. தனியா வரட்டும், அவ வேண்டாம்" என்றார்.

அந்த 'அவ வேண்டாம்'ஐ எப்படிச் சொல்வது? அண்ணன் குதிப்பான். பதிலுக்கு அப்பா குதிப்பார். விழுங்கிவிட்டேன். "லீவு கிடைச்சா வரேன்னான்" என்று அப்பாவிடம் அளந்தேன். இரண்டு மாதம் தினமும், "லீவு கிடைச்சுதாமா?" என்று கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

ஐயோ, விட்டுட்டாரே. நான் அதைக் கோவம்னு வெச்சுக்கிட்டேன். கோவமா அது?

மார்ச் 12, வியாழன்

இன்று சொல்லவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை நகவெட்டி கையிலேயே இருந்தது.

"அவன் வர மாட்டேன்னு சொல்லவே இல்லையா?"

"நான் அவன்கிட்ட சொல்லவே இல்லப்பா."

"என் சேதியை முழுங்க நீ யாரு?" கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சாப்பிட வரவில்லை.

"விடு, ரெண்டு நாள்ல சரியாயிடுவார்" என்றார் இவர். என் புருஷன் என்னை மாதிரியே பேசுகிறார். கேட்கவே பயமாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

அண்ணனிடமும் சொன்னேன்.

"அவ இல்லாம நான் வந்திருக்க மாட்டேன்தான். ஆனா அதை நானே அவர்கிட்ட சொல்லியிருப்பேன். பெரிய சண்டை வந்திருக்கும். மூணு வருஷம் முன்னாடியே வந்து, முடிஞ்சும் போயிருக்கும்" என்றான். வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

"கொஞ்சம் வலிக்கும்ங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர்தான் எழுந்து போனார். மற்றவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் இன்னும் எடுக்கவில்லை. பத்து நாள்தான் இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரமாக என்னோடு பேசாத அப்பா, தன் போனை என்னிடம் நீட்டினார். "அவன் நம்பரைப் போட்டுக் குடு."

ஆறு வருஷமாக மகன் நம்பர்கூட அவரிடம் இல்லை. எல்லாம் என் வழியாகத்தானே. போட்டுக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய், காய்ந்த துணியை எடுத்தேன். கீழே அப்பா போடும் சத்தம் மாடிவரை கேட்டது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

மார்ச் 28, சனி

தேர்வு முடிந்தது. 'தோழியின் மௌனம் அன்பா, குற்றமா?' என்றே கேட்டுவிட்டார்கள். ஐந்து பக்கம் எழுதினேன். அன்புதான் என்று எழுதினேன். அந்த அன்பைக் காதலர்கள் அவளிடம் கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். ஹாரன் வெளியே வந்ததும், "நான் அவளை மன்னிச்சுட்டேம்மா" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு புதிதாகக் கிடந்தது. உள்ளே அப்பாவும் அண்ணனும் காரசாரமாக ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். சமாதானம் செய்ய வாய் துறுதுறுத்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் அண்ணி. தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்றார்.

கரண்டியோடு நின்றேன். பழக்க தோஷம், அண்ணி பக்கம் திரும்பியும்விட்டேன். அப்புறம் சொன்னேன்:

"பக்கத்துலதானே இருக்காங்க. நீங்களே சொல்லுங்கப்பா."

அப்பா தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். தன் தட்டைப் பார்த்துக்கொண்டே,

"சாப்பிடும்மா" என்றார்.