பூதம் தரப்பு விளக்கம்

ஜூன் 3, செவ்வாய்

பூதத்தின் படங்கள் மின்னஞ்சலில் வந்தன. ஆள் சரியில்லை.

உடம்பில் குறை சொல்ல முடியாது. ஊதா நிறம், அலமாரி உயரம், மேலெல்லாம் ரோமம், கைக்கு ஆறு விரல். கண்தான் சிக்கல். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி. பயமுறுத்த வேண்டியவனே இப்படி முழித்தால் கதையில் வரும் சிறுமி எதைப் பார்த்துப் பயப்படுவாள்?

பதிப்பாளர் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஓவியர் காதுல போட்டு வைக்கிறேன் சார். ஆனா கண்ணுல கை வச்சா அவருக்குக் கோவம் வரும்" என்றார்.

முப்பது ஆண்டுகளாக நகராட்சியையும் நீதிமன்றத்தையும் பற்றி எழுதுகிறவனிடம் படக்கதை கேட்டது அவர் தப்பு. சுருக்கமாக எழுதுவேனாம். முதல் வரியே, 'கட்டிலுக்கு அடியில் பூதம் இருப்பதாகச் சிறுமி தெரிவித்தாள்' என்று கொடுத்திருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "குழந்தை தெரிவிக்காது சார். சொல்லும்."

கதைக்கான சரக்கு வீட்டிலேயே கிடைத்தது. இந்த வயதில் எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று மாதம். மனைவியோடு அவள் மகளும் வந்தாள், ஏழு வயது. பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இருக்கும் யாரோ ஒரு பூதத்தோடு பேசுகிறாள். "பயமா இருக்கா? பயப்படக் கூடாது" என்பது வரை காதில் விழுந்தது. தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள், பாவம். மிச்சத்தை நான் இட்டு நிரப்பினேன். புது வீடு, ஏற்கெனவே குடியிருக்கும் பூதம், நடுங்கும் சிறுமி, ஒரு பிஸ்கட், நட்பு, சுபம்.

ஜூன் 5, வியாழன்

"சார், உப்பு." இன்று அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

'சார்' என்பது கிளினிக்கிலிருந்து வந்த பழக்கம். அவள் அம்மா பிசியோதெரபிஸ்ட். நான் கழுத்து வலியோடு போனவன். காத்திருக்கும் நாற்காலியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு வருகிறவர்கள் எல்லோருமே சார்தான். மற்றவர்கள் வலி தீர்ந்ததும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அந்த வருத்தமோ என்னவோ.

ஜூன் 9, திங்கள்

மாதிரிப் பிரதி வந்தது. அவள் கண்ணில் படட்டும் என்று சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பூதத்தின் கண்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஓவியர் அசைந்து கொடுக்கவில்லை.

அவள் படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"இது என் பூதம்."

"ஆமா... ஒரு மாதிரி."

"யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

நகராட்சித் தலைவரே என்னிடம் இவ்வளவு காட்டமாகக் கேட்டதில்லை.

"எல்லாமே தப்பு சார். அது ஒண்ணும் இங்க முன்னாடியே இருக்கல. எங்க பழைய வீட்டுல இருந்து எங்ககூட வந்தது. எனக்கு அதுகிட்ட பயமே கிடையாது. அதுதான் பயப்படுது."

"எதுக்குப் பயப்படுது?"

"உங்களுக்கு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஒட்டுக்கேட்டு எழுதியிருக்கேன். அதுவும் அரைகுறையா. வேற எவனாவது இப்படி ஒரு செய்தியை எழுதிக்கிட்டு வந்திருந்தா மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பேனே— பயந்தவள் அவள்தான்னு யார் சொன்னா எனக்கு? ஒரு கதவைத் தட்டிக் கேக்க முடியலையா?

ஜூன் 11, புதன்

மனைவி என் கழுத்தை ஒரு திருகு திருகிவிட்டுச் சொன்னாள்: "ஊருல குழாய் உடைஞ்சாக்கூட அதிகாரிக்குப் போன் போட்டு, 'உங்க தரப்பு என்ன'ன்னு கேப்பீங்க. கட்டிலுக்கு அடியில இருக்கறதுக்கு மட்டும் தரப்பு கிடையாதா?"

"அவ பேசுவாளா?"

"அவகிட்ட யாரு கேக்கச் சொன்னா? பூதத்துக்கிட்ட கேளுங்க."

மாலையில் கதவைத் தட்டி, பூதத்தைப் பேட்டி காண நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். உள்ளே கிசுகிசுப்பு. பிறகு, "சனிக்கிழமை வரச் சொல்லுது."

ஜூன் 14, சனி

பேட்டி நடந்தது. நிபந்தனைகள்: பூதத்தை நேராகப் பார்க்கக் கூடாது. ரெக்கார்டு செய்யக் கூடாது. தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்தேன். அவள் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் சொல்வது போலக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

வயது என்ன என்றேன். அதெல்லாம் பூதங்களுக்குக் கிடையாதாம். என்மேல் என்ன புகார் என்றேன். அதற்குத்தான் காத்திருந்தது போலிருக்கிறது. நான் தும்மினால் கட்டிலே ஆடுகிறதாம். காலையில் பேப்பரைப் படபடவென்று உதறுகிறேனாம். செருப்புச் சத்தம் கேட்டாலே அது சுவரோரம் ஒண்டிக்கொள்கிறதாம்.

"அப்புறம், நீங்க சிரிக்கவே மாட்டீங்களாம்."

"நான் சிரிச்சா இப்படித்தான் இருக்கும்னு சொல்லு."

கால்கள் லேசாகக் குலுங்கின.

"இன்னொண்ணு கேக்குது."

"கேக்கட்டும்."

"இங்க எவ்வளவு நாள் இருக்கலாம்னு கேக்குது. பழைய வீட்டை விட்டு திடீர்னுதான் கிளம்புச்சாம். இங்க இருந்தும் கிளம்பணும்னா முன்னாடியே சொல்லிடுவீங்களான்னு கேக்குது."

இத்தனை ஆண்டுகள் கேள்வி கேட்டே பிழைத்தவன். இப்போது பதில் சொல்லும் முறை என்னுடையது. 'எவ்வளவு நாள் வேண்டுமானாலும்' என்று வாயில் வந்தது. அது வீட்டுக்காரன் குடியிருப்பவரிடம் சொல்கிற பேச்சு. விழுங்கிக்கொண்டேன்.

"இது அதோட வீடு. அதை யாரும் கிளம்பச் சொல்ல மாட்டாங்க. நான் சொல்லவே மாட்டேன்."

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

"நீங்க இப்படிச் சொன்னீங்கன்னு புக்குல போடுவீங்களா?"

"போடுவேன்."

'நான் சொன்னதா போட்டுடாதீங்க' என்று கெஞ்சுகிறவர்கள்தான் எனக்குப் பழக்கம்.

ஜூன் 16, திங்கள்

அச்சை நிறுத்தச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. இன்று கேட்டேன். பதிப்பாளர் அம்மா, "சார், விளையாடறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் ஓவியரையும் லைனில் சேர்த்தார்.

ஓவியர் கோபிக்கவில்லை. "அதான் நானும் யோசிச்சேன். நீங்க எழுதுனபடி அதைக் கொடூரமா வரையத்தான் பார்த்தேன். வரவே இல்ல" என்றார். படங்கள் அப்படியே இருக்கட்டும், எழுத்து மட்டும் மாறினால் போதும் என்று முடிவானது. கூடுதலாக ஒரு பக்கம்: வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள். அதற்கு நான் தும்முகிற புகைப்படம் வேண்டுமாம்.

மனைவி எடுத்தாள். மூன்று தும்மல் வீணாகிப் போனது.

ஜூன் 17, செவ்வாய்

துணிச் செருப்பு வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. பிரதியை அவள் உள்ளே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

"ஒரே ஒரு தப்பு சார். அதுக்கு அஞ்சு விரல்தான்."

"திருத்தம் போட்டுடலாமா?"

"வேண்டாம். ஆறு நல்லா இருக்காம்."

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஹாலில் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். தூசி. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஜன்னல் அதிரத் தும்மினேன். அவள் அறையில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. கையில் கட்டோடு அப்படியே நின்றேன்.

பிறகு அவள் குரல், தணிவாக, கட்டிலுக்கு அடியில் பார்த்து:

"ஒண்ணுமில்ல, படுத்துக்கோ. நம்ம சார்தான்."