தண்ணீர் விழுங்கும் சத்தம்

இன்று காலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அந்தப் பெண் என் கையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தேய்த்தாள். வாசனை மூக்கில் ஏறியதுமே வாயில் எச்சில் ஊறியது. ஸ்பிரிட் வாசனைக்கு செட் தோசை ஞாபகம் வருகிற ஜீவன்கள் பூலோகத்தில் இரண்டே இரண்டு. நீ போய்விட்டாய். மிச்சம் இருக்கிற ஒன்று, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாம் இருவரும் எழுந்தருளிய அந்த வைபவத்துக்கு முன்னால் மைசூர் தசராவெல்லாம் வெறும் ஒத்திகை. வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். "வழக்கமா சாப்பிடறதையே சாப்பிட்டுட்டு வாங்க" என்று அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் நாம் எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலில் நிற்போம். தோசை மேல் வெண்ணெய் உருகி, தட்டைத் தாண்டி, சாமுண்டி மலையடிவாரம் வரை ஓடும்.

"ஏனுங்ணா, நாம வழக்கமா இதத்தான சாப்படறோம்?" என்பாய், யோக்கியமான முகத்தோடு.

"பிறந்ததிலிருந்து" என்பேன்.

வீட்டில் ராகிக் களியைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்க அனுமதியில்லாத இரண்டு பேர்.

சாயங்காலம் முடிவு வரும். ஹெப்பாள் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷின் ஓட்டியவர்கள், கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கியவர்கள், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி மார்க்கை ஒப்பிட்டுப் பார்ப்போம். உன் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு அந்தக் காலத்தில் எட்டாத உயரத்தில் இருந்தது. உன் ரத்தத்தைத் திரியிட்டுக் கொளுத்தினால் அரண்மனை விளக்கு அத்தனையும் விடிய விடிய எரியும் என்று நான் சொன்னேன். "உங்க ரத்தத்துல ஜிலேபி சுடலாமுங்ணா, சக்கரப் பாகு தனியா வேண்டாம்" என்றாய். பெஞ்சில் இருந்த கன்னடத்துப் பெரியவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்.

பிறகு உனக்குப் புதிய சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது. அதோடு ட்ரைகிளிசரைடும் சேர்ந்து இறங்கியது. அன்று உன் நடையே வேறு. பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உனக்குள்ளேயே சிரித்தாய். ஏன் அப்படிச் சிரித்தாய் என்பது எனக்கு அடுத்த மழைக்காலத்தில்தான் தெரிந்தது. ஹனூருக்கு உன் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போக பஸ் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். நல்ல வேளை, நான் பின்னால் பையோடு நின்றிருந்தேன். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பு மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நீ கொடுத்த விளக்கம் மைசூர் மருத்துவ வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டியது.

"சக்கர மாத்தரயே கொழுப்பயும் கொறச்சுப்போடுதுங்க மேடம். ஒரே ஆளு ரெண்டு மிஷினும் ஓட்றப்ப, இன்னொரு ஆளுக்கு எதுக்குங்க சம்பளம்? அதான் நிறுத்தீட்டனுங்க."

தொழிற்சாலையில் நம் தலையில் ஆளுக்கு இரண்டு மிஷினைக் கட்டியபோது வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டவன் நீ. அதே நிர்வாக வேலையை உன் உடம்புக்குள் நீயே செய்திருக்கிறாய்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கன்னடத்தில், ஒவ்வொரு சொல்லாக, எனக்கும் சேர்த்துச் சொன்னார். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் ட்ரைகிளிசரைடு இறங்கும், அது உண்மை. ஆனால் குழாயை அடைக்கிற கெட்ட கொழுப்பு வேறு. பல சர்க்கரை மாத்திரைகள் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. சிலதில் அது கொஞ்சம் ஏறவும் செய்யலாம். "சர்க்கரை மாத்திரை போகிற போக்கில் ஒரு கை கொடுக்கும். ஷிப்ட் பார்க்க வேண்டியது கொழுப்பு மாத்திரைதான். என்னைக் கேட்காமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பாதீர்கள்."

நீ கண்ணை மூடிக்கொண்டு, "ஆளத் திருப்பி எடுத்துக்கறனுங்க மேடம்" என்றாய்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது உன் கொடுங்கோல் ஆட்சி. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போன் அடிக்கும்.

"போட்டாச்சுங்களாணா?"

"போட்டாச்சு."

"பொய்யி. சத்தமே கேக்கல. போன வாய்க்கிட்ட வெச்சுட்டு முழுங்குங்க."

நான் போனைப் பக்கத்தில் வைத்து மடக்கென்று தண்ணீர் குடிப்பேன். அந்தப் பக்கம் நீயும். இரண்டு கிழவர்கள் ஒருவர் தொண்டைச் சத்தத்தை ஒருவர் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத் தூங்கப் போவதை வேறு யாராவது கேட்டிருந்தால் மாநகராட்சியில் புகார் கொடுத்திருப்பார்கள். என் வீட்டுக்காரி இறந்த பிறகு, மகனும் பெங்களூரோடு போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் ஒரு நாளின் கடைசிப் பேச்சு அதுதான். சில நாள் முதல் பேச்சும் அதுதான்.

உன் இதயத்துக்கு நாம் அத்தனை காவல் போட்டோம். வந்தது ஒரு காய்ச்சல். ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டது. கடைசிப் பரிசோதனையில் உன் கெட்ட கொழுப்பு என்னுடையதை விடக் குறைவு. ஜெயித்த கையோடு போய்விட்டாய். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது விளையாட்டின் விதிகளுக்கு முரணானது.

இன்றைய முடிவைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை அடக்க ஒடுக்கமாக இருக்கிறது. ட்ரைகிளிசரைடு மகா உத்தமம். கெட்ட கொழுப்பு மட்டும் தேரில் ஏறி ஊர்வலம் போகிறது.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?"

"மறந்துபோகிறது" என்றேன்.

மறதி இல்லை என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை மாத்திரைக்குக் காலைச் சாப்பாடு துணை இருக்கிறது. கொழுப்பு மாத்திரைக்கு உன் போன்தான் துணை. நீ போன பிறகு அந்த அட்டை மேசையில் போன் பக்கத்திலேயே கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அதைப் பார்ப்பேன். போன் அடிக்காது. கையலம்பிவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன். யாரும் கேட்காத ஒன்றை எதற்குப் போடுவது என்று தோன்றிவிடுகிறது. இதை டாக்டரம்மாவிடம் எந்த மொழியில் சொல்ல?

அவர் நல்ல மனுஷி. "உங்களுக்குக் கொடுத்திருக்கிற மாத்திரைக்கு எந்த நேரமானாலும் சரிதான். காலையிலேயே சேர்த்துப் போட்டுவிடுங்களேன். மறக்காது" என்றார்.

"இல்லை மேடம், ராத்திரியே போட்டுக்கொள்கிறேன்" என்றேன். "தவறாமல் போடுவேன்."

காலையில் முதல் குழாய் ரத்தம் கொடுத்ததும் எதிரே தர்ஷினிக்குப் போயிருந்தேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் இரண்டு செட் தோசைக்கு டோக்கன் கிழித்துவிட்டார். இரண்டையும் வாங்கினேன். ஒன்றைத்தான் தின்ன முடிந்தது. வெண்ணெய் கொஞ்சமாகத்தான் உருகியது. தட்டைக்கூடத் தாண்டவில்லை.

இப்போது சாப்பாடு முடிந்துவிட்டது. களிதான். அட்டையைப் பிரித்து மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத்தான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். போனை மேசையில் என் வாய்க்கு நேராகச் சாய்த்து வைத்திருக்கிறேன். அது அடிக்கப் போவதில்லை; அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது.

நஞ்சன்கூட்டில் கபிலா ஆற்றில் இறங்கிய யானை மாதிரிக் குடித்தேன். சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன, சுவரில் இருந்த பல்லி ஓடிப்போனது, மேல்வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

போட்டாச்சு. இந்த முறை பொய் இல்லை.