முதுகு காட்டின சோஃபாவும் திறக்காத ரெண்டு பாட்டிலும்

டெச்சிமான்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அம்மாடி பொக்குவா, உன்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டாங்க, ஏழு பேரு, ரெண்டு ஷ்னாப்ஸ் சாராய பாட்டிலோட, சனிக்கிழமை காலைல நம்ம வீட்டுக் கதவைத் தட்டிட்டாங்க, பாட்டில் ரெண்டும் மூடி திறக்காம அப்படியே ஹால்ல இருக்கு, நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் திறப்பேன்னு உன் தாய்மாமா சொல்லிட்டாரு!

இரு, மூச்சு விட்டுக்கறேன். மொதல்ல கேக்க வேண்டியதைக் கேக்கலன்னா உங்கம்மா திட்டுவா. நீ எப்படி இருக்க, நைட் டூட்டி முடிச்சு வந்து ஒழுங்கா தூங்கறியா, அந்தக் குளிர்ல காது வலி திரும்ப வந்துச்சா? இங்க நாங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், அந்த மட்டுக்கும் கடவுளுக்கு நன்றி. சந்தைல நாள் பூரா நின்னு யாம் கிழங்கு வித்து அம்மாவுக்குக் கால் வீக்கம். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, அது ஏன்னு கீழ சொல்றேன். கடைல ரிப்பேருக்கு வந்த போனெல்லாம் குமிஞ்சு கிடக்கு, கை போக மாட்டேங்குது. இதையெல்லாம் வாட்ஸ்அப்ல சொல்லிருக்கலாம்தான், ஆனா நான் அனுப்பறதுக்கெல்லாம் நீல டிக் மட்டும் விழுது, பதில் விழல. மருந்துக்கடைக்காரர் மக வியாழக்கிழமை உன் ஊருக்குப் படிக்க வர்றா, அவ கையில இதைக் குடுத்து விடறேன். காகிதத்தைப் படிச்சிட்டுப் பேசாம இருக்கறது கொஞ்சம் கஷ்டம்னு ஒரு நம்பிக்கை.

போன மாசம் நியார்கோ எனக்குப் போன் பண்ணி, எங்க மாமா உங்க வீட்டுக்கு வரணும்ங்கறாரு, எப்ப வரலாம்னு கேட்டான். டிசம்பர் லீவுல நீ வந்தப்ப உன்கூடப் பேசிப் பழகின பையன், குமாசில இரும்புக்கடை வச்சிருக்கற குடும்பம், எனக்குத் தலை கால் புரியல. ஒரு மாசம் டைம் குடுங்கன்னேன். அவன் எதுக்கு ஒரு மாசம்னு கேட்டான். ஹால்தான், வேற எதுக்கு! அந்த ஹாலை நெனச்சுப் பாரு, நீ பிறந்ததுல இருந்து நாலு சுவத்தையும் ஒட்டி நாற்காலி, நடுவுல வெறும் தரை, ஆஸ்பத்திரில டோக்கன் வாங்கிட்டு உட்கார்ற இடம் மாதிரி. ஒரு பக்கம் பூராவும் அந்த ராட்சச அலமாரி, அதுக்குள்ள அம்மா கல்யாணத்துக்கு வந்த எனாமல் பாத்திரம், யாரும் தண்ணி குடிக்காத கண்ணாடி டம்ளர், நீ ரெண்டு வயசுல கடிச்ச பொம்மை. கூரையை ஒட்டி வரிசையா போட்டோ, எல்லாம் முன்னாடி சாஞ்சுக்கிட்டு நம்மளையே முறைக்கும். இதுக்குள்ள குமாசிக்காரங்களைக் கூட்டிட்டு வரணுமான்னு எனக்கு வெட்கமா போச்சு.

உனக்குத்தான் தெரியுமே, அக்ராவுல இருந்து வீடியோ போடற நம்ம ஹால் மகாராணிக்கு நான் மூணு வருஷ ரசிகன், நேரலைல ரெண்டு தடவை என் பேரைச் சொல்லிருக்காங்க, ஒரு தடவை டெச்சிமான் அண்ணான்னே கூப்பிட்டாங்க! அவங்க எப்பவும் சொல்றது, சோஃபாவைச் சுவத்துல ஒட்டாதீங்க, அதுக்கும் மூச்சு விட இடம் குடுங்கன்னு. அதனால கடையை மத்தியானமே சாத்திட்டு வேலையை ஆரம்பிச்சேன். கார்பென்டர் யாரும் இல்ல, நானேதான், போன்ல வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்து. சுவத்துக்கு ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சேன், மொத தடவை அடிச்ச பச்சை ராத்திரி லைட்ல பாசி மாதிரி தெரிஞ்சுது. பழைய சோஃபாவுக்குப் புது ஸ்பாஞ்ச் வச்சு சாம்பல் கலர் துணி போத்தினேன். அலமாரியைத் தனியா தள்ளிட்டுப் போய் பெட்ரூம்ல வச்சேன், இடுப்பு போனது அப்பத்தான். இப்ப பெட்ரூம் கதவு பாதிதான் திறக்குது. உங்கம்மா ஒரு தோளை மொதல்ல விட்டு அப்புறம் மத்ததை இழுத்து உள்ள போறா, போகும்போதெல்லாம், யோவ், உன் சோஃபாவுக்கு மூச்சு விட இடம் இருக்கு, எனக்குத்தான் இல்லன்னு சொல்லிட்டுப் போறா.

படமும் நானே வரைஞ்சேன். மாவு மூட்டைச் சாக்கைப் பிரிச்சு, சட்டம் அடிச்சு, மிச்சமிருந்த பெயின்ட்ல, தலைல கிழங்குக் கூடையோட அம்மா சந்தைக்குப் போற மாதிரி. ஆளு உசரத்துக்கு இருக்கு! அம்மா பாத்துட்டு, என் கழுத்தை ஏன் ஒட்டகச்சிவிங்கிகிட்ட கடன் வாங்கினன்னு கேட்டா. உன் மாமா டொங்கோர் வந்து ரொம்ப நேரம் பாத்துட்டு, மாப்ளே, கரையான் புத்தை எதுக்கு வீட்டுக்குள்ள மாட்டிருக்கன்னாரு. போட்டோ எல்லாத்தையும் கீழ இறக்கி ஒரே சுவத்துல கூட்டமா மாட்டினேன், மகாராணி அப்படித்தான் மாட்டச் சொல்லுவாங்க. அதுல உன் படம் மேலயும் செத்துப்போன பெரியவர், அம்மாவோட அப்பா, கீழயும் வந்துட்டாரு. மாமா அவரே நாற்காலி போட்டு ஏறி மாத்திட்டு இறங்கி, தண்ணி குடுன்னாரு. அவரைக் கேட்டுக் கேட்டு மறுபடி ஆணி அடிச்சேன். குஷனுக்கு என்ன கலர்னு ரசிகர் குரூப்ல கேட்டேன், நானூத்திச் சொச்சம் பேர் பதில் போட்டாங்க, செங்காவியும் கறுப்பும்னு பாதிப் பேர், அதுல பாதி வெளிநாட்டுக்காரங்க. வாங்கிட்டு வந்து வச்சா அம்மா அலறிட்டா, பொண்ணு கேக்க வர்றாங்களா எழவுக்கு வர்றாங்களான்னு. அவ சொன்னதும்தான் அது நம்ம எழவு வீட்டுக் கலராச்சேன்னு எனக்கே உறைச்சுது. திருப்பிக் குடுத்துட்டு வெள்ளையும் நீலமும் வாங்கினேன். டிவிக்குப் பின்னாடி ஊதா லைட் ஒட்டினேன். உனக்கு நாப்பத்தாறு போட்டோ அனுப்பினேன், நீ ஒரு கட்டைவிரல் அனுப்பின. பரவால்ல, டூட்டில இருந்திருப்ப.

சனிக்கிழமை விடிஞ்சுது. மாமா டொங்கோர் வெள்ளைத் துணி போத்திட்டு வந்து பெரிய சோஃபால நடுவுல உட்கார்ந்தாரு, அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சந்தைல அம்மாவுக்குப் பக்கத்துக் கடைக்காரம்மா ஒருத்தி. சோஃபா ஹாலுக்கு நடுவுல, படத்தையும் ஊதா லைட்டையும் பாத்த மாதிரி. உள்ள வரலாமான்னு வெளிய அகோ குரல் வந்துச்சு, வாங்கன்னு நாங்க அமே சொன்னோம், கதவு திறந்துச்சு. அப்பத்தான் பொக்குவா எனக்குப் புரிஞ்சுது. கதவு எங்களுக்குப் பின்னாடி இருக்கு! உள்ள வர்றவங்களுக்கு மொதல்ல தெரியறது எங்க நாலு முதுகு. வீடியோல காட்டின வீடுகள்ல எல்லாரும் வந்து ஹாய்னு சொல்லிட்டு எங்க வேணும்னாலும் உட்கார்றாங்க, அதைப் பாத்து மயங்கினவன், வர்றவங்க வலப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒருத்தர் விடாம கைகுடுத்துக்கிட்டே சுத்தி வரணுமேன்னு யோசிக்கவே இல்ல. நாப்பத்தி நாலு வயசு வரைக்கும் நானே அப்படித்தான் ஒவ்வொரு வீட்லயும் கைகுடுத்திருக்கேன், என் வீட்ல மறந்துட்டேன்.

நியார்கோவோட மாமா அசியேது, கைத்தடியோட நல்ல உசரமான மனுஷன், வாசப்படி தாண்டி நின்னுட்டாரு. வலப்பக்கம் போகப் பாத்தாரு, அங்க நான் வச்ச பெரிய பூந்தொட்டி, இலை அவரு மூஞ்சில அடிச்சுது. இடப்பக்கம்தான் வழி, ஆனா இடப்பக்கமா ஆரம்பிச்சா அது மரியாதை இல்ல. அவரு நகரல. பின்னாடி ஆறு பேரு வெயில்ல. அங்கிருந்தே அவரு, குமாசில இருந்து மூணு மணி நேரம் வண்டில உட்கார்ந்து வந்திருக்கோம், நாங்க யாரோட முதுகுக்கு மொதல்ல வணக்கம் சொல்லணும்னு கேட்டாரு. மாமா டொங்கோர் திரும்பப் பாத்தாரு, நான் வச்ச ஸ்பாஞ்ச்ல அவரு இடுப்பு வரைக்கும் புதைஞ்சு போயிருக்காரு, கழுத்து மட்டும்தான் திரும்புச்சு. எழுந்திரிக்கவும் கூடாது, வணக்கம் வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்க எழுந்தா வந்தவங்களைப் போகச் சொல்ற மாதிரி. அவங்களும் சோஃபாவைத் தொடக்கூடாது, தண்ணி குடுத்து வந்த சேதி கேக்கறதுக்கு முன்னாடி விருந்தாளி கையில வேலை இருக்கக்கூடாது. அப்படியே எல்லாரும் இருந்தோம். ஊதா லைட்டு மட்டும் மினுக் மினுக்னு. பின்னாடி வரிசைல யாரோ, வீடு வித்தியாசமா இருக்குல்லன்னு முணுமுணுத்தாங்க, வேற யாரோ, முதுகு எல்லாம் நல்லா அகலமா இருக்குன்னு சிரிச்சாங்க.

காப்பாத்தினது உங்கம்மாதான். தலையைத் திருப்பாம, எதிர்ல இருக்கற அவ படத்தைப் பாத்தே சத்தமா சொன்னா, ஐயா, இந்தக் கதவு இன்னும் திறக்கலன்னு வச்சுக்குங்க, நாங்க உள்ள இல்லன்னும் வச்சுக்குங்க, வெளிய மாமரத்தடியில எங்க வீட்டுக்காரங்க உட்கார்ந்திருக்காங்க, அங்க போய் அகோ சொல்லுங்கன்னு. அசியேது வெளிய இறங்கி கதவை அவரே மெதுவா சாத்தினாரு. அவங்க வீட்டைச் சுத்தி வர்றதுக்குள்ள நானும் அம்மாவும் மாமாவை ஆளுக்கொரு கை பிடிச்சு சோஃபாவுல இருந்து பிடுங்கி, பின்வாசல் வழியா ஓடி, பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி, அடுப்படி ஸ்டூல், அம்மா கடை பெஞ்சு எல்லாத்தையும் மரத்தடில வளைச்சுப் போட்டு உட்கார்ந்தோம். அகோன்னாங்க. அமேன்னோம். வலப்பக்கத்துல இருந்து கைகுடுத்துக்கிட்டே வந்தாங்க. எனக்குக் கைகுடுக்கும்போது அசியேது, வீட்டுக்காரரே இன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாத்தது சந்தோஷம்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஒரு மாச வேலை, அந்த ஹால்ல ஒருத்தர் உட்காரல. மரத்தடில இருந்து ஜன்னல் வழியா என் படத்துல கழுத்து மட்டும் தெரிஞ்சுது.

தண்ணி குடுத்தோம், சேதி கேட்டோம். உங்க தோட்டத்துல ஒரு பூ பாத்தோம், கேட்டு எடுத்துட்டுப் போக வந்தோம்னு முறைப்படி சொல்லி பாட்டிலை வச்சாங்க. உன் மாமா, பூவுக்கு வாய் இருக்கு, அதைக் கேக்காம இந்த மூடி திறக்காதுன்னாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டு ஸ்டூல் மேல வச்சோம். அடிச்சுது. நீ எடுக்கல. மறுபடி. மூணாவது தடவை அடிக்கும்போது யாரும் யாரையும் பாக்கல, நியார்கோ அவன் செருப்பையே பாத்துட்டு இருந்தான், பாவமா இருந்துச்சு. மாமா போனை எடுத்துத் துணிக்குள்ள வச்சுக்கிட்டு, பொண்ணு வேலைல இருக்கா, அவ வார்த்தை வர்ற வரைக்கும் பாட்டில் இங்க மூடினபடி இருக்கும், ஆமான்னா திறப்போம், இல்லன்னா நானே குமாசிக்குக் கொண்டு வந்து குடுப்பேன்னாரு. அசியேதுவும் அதுதான் சரின்னாரு. ஃபுஃபு சாப்பிட்டாங்க, போனாங்க.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து அந்த சோஃபாவுல நானும் அம்மாவும் உட்கார்ந்தோம், எதிர்ல ரெண்டு பாட்டில். மகாராணிக்குப் போட்டோ அனுப்பவா, லைட்டு இப்ப நல்லா விழுதுன்னு நான் சொன்னேன். அம்மா கோவிக்கல. கால்ல எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே, யோவ், குஷன் கலருக்கு நானூறு பேரைக் கேட்ட, ஆணி அடிக்க எங்க அண்ணனைக் கேட்ட, இந்தப் பையன் வேணுமான்னு அவளைக் கேட்டியான்னா. கேட்டேனே, நல்லவன்தான்னு சொன்னாளேன்னேன். டிசம்பர்ல நீ ஏர்போர்ட்டுல இருந்து அனுப்பின குரலைத் தேடிப் போட்டுக் காட்டினேன். நல்லவன்தான்பா, இப்ப அவசரப்பட வேண்டாம், நான் யோசிக்கணும்னு சொல்லிருக்க. மொத வார்த்தையோட நான் நிறுத்தி நெறைய தடவை கேட்டிருக்கேன் போல. மிச்சத்தை அன்னிக்குத்தான் கேட்டேன். நாப்பத்தாறு போட்டோவுல ஒண்ணுலகூட உனக்கு ஒரு கேள்வி இல்ல. நீ பதில் போடாததுல என்ன தப்பு, நான் எங்கடா கேட்டேன்.

அதனால இப்ப கேக்கறேன், தாமதம்தான். உனக்கு நியார்கோவைக் கட்டிக்க இஷ்டமா? எனக்கு அவமானம் ஆயிடும்னு நெனச்சு ஆமான்னு சொல்லிடாத, ஏழு பேருக்கு முதுகு காட்டினவனுக்கு இனி என்ன அவமானம். அம்மாவுக்கு ஆசைன்னும் நெனக்காத, அவளுக்கு அலமாரியை ஹாலுக்குக் கொண்டு வரணும்ங்கறதுதான் இப்ப ஆசை. நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன்டா, கோபம் இல்ல, நெஜமா களைப்புதான். நீ வேண்டாம்னு சொன்னா பாட்டிலைத் தூக்கிட்டு மாமாகூட நானும் வண்டி ஏறுவேன், அசியேது வீட்ல வலப்பக்கத்துல இருந்து ஒவ்வொருத்தருக்கா கைகுடுத்து, எம்பொண்ணு வேண்டாங்கறா, தப்பு அவ மேல இல்ல, நான்தான் கேக்காம ஆடிட்டேன்னு என் வாயாலயே சொல்லுவேன்.

கடவுள் உன்னை நல்லா வச்சுக்கட்டும், போற வழிக்கெல்லாம் துணையா இருக்கட்டும், கால்ல ரெண்டு ஜோடி சாக்ஸ் போடு, டூட்டி முடிஞ்சு வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காத, மருந்துக்கடைக்காரர் மககிட்ட குடுத்துவிட்ட மிளகாப்பொடி காரம் ஜாஸ்தி, பாத்துப் போடு. இதைப் படிச்சதும் எழுது. ஆமான்னு எழுது, இல்லன்னு எழுது, இன்னும் தெரியலன்னா தெரியலன்னே எழுது, அதுக்கும் இங்க இடம் இருக்கு, எத்தனை மாசமானாலும் யாரும் அந்த மூடியைத் தொட விடமாட்டேன். ஒரே ஒரு வார்த்தை போதும், ஆனா அது உன்னோடதா இருக்கணும், எழுதும்மா.

பதிலுக்குக் காத்திருக்கற
உன் அப்பா
அம்பொன்சா